டம்டம் பாறையில 'டம் டம்' எதுக்கு?

புதுசோ பழசோ, கார் வாங்கின நம்மாளு முதல்ல போறது கோயிலுக்கு. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கின கையோட அடுத்துப் போறது ஆடியோ கடைக்கு. அங்க அவருக்காகவே ஒரு குழாய் காத்துக்கிட்டு இருக்கும். பேரு பேஸ் ட்யூப். "அண்ணே, இதை டிக்கியில போட்டு ஒரு ஆம்ப்ளிஃபையர் குடுத்துட்டா போதும், பக்கத்து வண்டிக் கண்ணாடி ஆடும்ணே" என்பார் கடைக்காரர். பக்கத்து வண்டிக் கண்ணாடி ஆடுறதுல நமக்கு என்ன லாபம்னு யாரும் கேக்கறதில்லை. அடுத்த லாங் லீவுல அந்த வண்டி கொடைக்கானல் ஏறும். டம்டம் பாறையில நிறுத்தி நாலு கதவையும் திறந்து வச்சு, எதிர்மலையில விழற தலையாறு அருவிக்கே பாட்டு போட்டுக் காட்டுவாங்க. 297 மீட்டர் உசரத்துலேர்ந்து விழற அருவி பாவம், இவங்க சத்தத்துக்கு முன்னாடி ஊமைப்படம் ஆயிடும்.

அடியேன் பொழப்பு பெங்களூர்ல பொட்டி தட்டுறது. ஊர் வத்தலகுண்டு பக்கம். மாசம் ஒரு தடவை ஊருக்கு வந்தா, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவையாவது மலை ஏறுவேன். ஏழு வருஷப் பழைய சின்ன வண்டி. கம்பெனியே மாட்டிக் குடுத்த செட்டு, நாலு ஸ்பீக்கர். போன வருஷம் பத்தாயிரத்துக்குள்ள அதைச் சரி பண்ணினேன். அந்த அனுபவத்துல என் கருத்தை நேராவே சொல்லிடறேன்: கையில காசு கம்மின்னா வாங்க வேண்டியது சத்தம் இல்லை, தெளிவு. மலைப்பாதையில ஓட்டறவனா இருந்தா, காசு நிறைய இருந்தாலும் தெளிவுதான் வாங்கணும். ஏன்னு கடைசியில சொல்றேன். முதல்ல காசுக் கணக்கு.

50 வாட்ஸ் கதை

செட்டு மேல '50 வாட்ஸ் x 4'னு போட்டிருக்கும். இன்ஜினியரிங் படிச்ச பாவத்துக்கு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாத்தேன். எஞ்சின் ஓடும்போது வண்டியில கிடைக்கறது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். செட்டுக்குள்ள இருக்கிற சின்ன ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு முக்கினாலும் 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தா வர்ற 26 வாட்ஸ்தான் உச்சவரம்பு. அதுலயும் உள்ள கொஞ்சம் சூடாப் போயிடும். சிதையாம வெளியே வர்றது 20-க்குள்ளதான். மீதி 30 வாட்ஸ் அட்டைப்பெட்டி மேல மட்டும் இருக்கு :)

"அப்ப ஆம்ப்ளிஃபையர் போட்டே ஆகணுமே?" அதான் இல்லை. வாட்ஸை ரெண்டு மடங்கு ஆக்கினா கூடறது 3 டெசிபெல். காதுக்கு 'கொஞ்சம் ஏறியிருக்கு'னு தோணும், அவ்வளவுதான். ரெண்டு மடங்கு சத்தமாத் தெரியணும்னா சுமார் 10 டெசிபெல் ஏறணும், அதுக்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேணும். அதே 3 டெசிபெல்லை ஓசியில வாங்கவும் ஒரு வழி இருக்கு. ஸ்பீக்கர் பெட்டியில 'சென்சிடிவிட்டி'னு ஒரு எண் இருக்கும். 87 போட்டதுக்குப் பதிலா 90 போட்டதை வாங்கினா, ஆம்ப்ளிஃபையரை ரெண்டு மடங்கு ஆக்கினதுக்குச் சமம். கடையில யாரும் இந்த எண்ணைப் பாக்கறதில்லை, '300 வாட்ஸ்'னு கொட்டை எழுத்துல இருக்கறதைத்தான் பாக்கறாங்க. அது அந்த ஸ்பீக்கர் எவ்வளவு அடி தாங்கும்ங்கற கணக்கு. எவ்வளவு நல்லாப் பாடும்ங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

செலவில்லாத வேலை முதல்ல

எங்க ஆபீஸ்ல ஒரு பாலபாடம் உண்டு. புரோகிராம் மெதுவா ஓடுதுன்னா புது சர்வர் வாங்கறதுக்கு முன்னாடி, எங்க மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு பாரு. காருக்கும் அதேதான்.

ஒண்ணு, பாட்டு எங்கேர்ந்து வருது? எந்தக் காலத்துலயோ யாரோ காப்பி பண்ணிக் குடுத்த பென் டிரைவ்ல 64 கேபிபிஎஸ்ல நசுங்கின பாட்டை வச்சுக்கிட்டு லட்ச ரூபாய்க்கு ஸ்பீக்கர் மாட்டினாலும், கேக்கப்போறது அதே நசுங்கல்தான். ஆப்ல கேக்கறவங்க அதோட செட்டிங்ஸைத் திறந்து, டேட்டா மிச்சம் பண்ற நிலையிலேர்ந்து தரமான நிலைக்கு மாத்துங்க. அப்படியே டவுன்லோடும் பண்ணி வச்சுக்குங்க. மலையில பாதி வளைவுல சிக்னல் இருக்காது.

ரெண்டு, செட்டுல 'லவுட்னஸ்', 'பேஸ் பூஸ்ட்', 'ராக்', 'பாப்'னு இருக்கற எல்லாத்தையும் அணைங்க. எல்லாத்தையும் நடுவுல வைங்க. பேஸை மட்டும் ரெண்டு புள்ளி குறைங்க. ஆமா, குறைக்கத்தான் சொல்றேன். சின்ன ஸ்பீக்கரைத் தாங்க முடியாத பேஸைத் தூக்கச் சொன்னா, அது மூச்சு வாங்கிக்கிட்டுப் பாடறவங்க குரலையும் சேத்துக் கெடுத்துடும்.

மூணு, ஃபேடரை முன்பக்கமா நகர்த்துங்க. கச்சேரிக்குப் போனா பாடகர் முதுகுக்குப் பின்னாலயா உக்காந்திருக்கார்? பின்னாடி ஸ்பீக்கர், பின்சீட்ல இருக்கறவங்களுக்கு லேசாக் கேட்டாப் போதும்.

இவ்வளவுக்கும் ஆகற செலவு பூஜ்யம். பாதிப் பேருக்கு இதோடயே திருப்தி ஆயிடும்னு நான் பந்தயம் கட்டத் தயார்.

முதல்ல கதவு, அப்புறம்தான் ஸ்பீக்கர்

இப்ப காசு செலவழிக்கற இடத்துக்கு வருவோம். வீட்டுல ஸ்பீக்கர் மரப்பெட்டிக்குள்ள இருக்கும். கார்ல அந்தப் பெட்டி எது? கதவுதான். மெல்லிசான தகரம். உள்தகட்டுல கை போற அளவுக்கு ஓட்டைகள், அது மேல ஒரு பிளாஸ்டிக் பேப்பர். ஸ்பீக்கர் முன்னாடி தள்ளற காத்தும் பின்னாடி இழுக்கற காத்தும் அந்த ஓட்டை வழியாச் சேந்து ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். முக்கியமா கீழ் சுருதி காணாமப் போயிடும். "பேஸே இல்லை"னு நாம குழாய் வாங்கப் போறது இதனாலதான். பேஸ் இருக்கு சாமி, கதவுக்குள்ளயே செத்துப் போகுது.

மருந்து, பியூட்டைல் டேம்பிங் ஷீட். ஒரு பக்கம் பசை, இன்னொரு பக்கம் அலுமினியத் தாள். வெளித்தகட்டுல உள்பக்கமா அங்கங்க ஒட்டணும். முழுசா மூடணும்னு அவசியமில்லை, தட்டினா தகர டப்பா மாதிரி கேக்கற நடுப்பகுதியில ஒட்டினாலே அதிர்வு பெருமளவு அடங்கிடும். உள்தகட்டு ஓட்டைகளையும் மூடணும். தார் ஷீட் மலிவாக் கிடைக்கும். ஆனா நம்ம சமவெளி வெயில்ல அது இளகி வாடை அடிக்கும், வேண்டாம்.

இதுல நாலு எச்சரிக்கை. கதவுக்கு அடியில தண்ணி வடியற ஓட்டைகளை அடைச்சுடாதீங்க. மலை மழையும் மூடுபனியும் உள்ள தங்கினா கதவு துருப்பிடிச்சுப் போயிடும். கண்ணாடி இறங்கற பாதையில எதையும் ஒட்டாதீங்க. ஸ்பீக்கருக்கு அடியில வைக்கிற வளையத்தை ஈரத்துல ஊதற எம்டிஎஃப்ல செய்யாம, மரைன் பிளைவுட்லயோ பிளாஸ்டிக்லயோ செய்யச் சொல்லுங்க. நாலாவதுதான் எல்லாத்துலயும் முக்கியம்: சில வண்டிகள்ல பக்கவாட்டு ஏர்பேகுக்கான சென்சார் கதவுக்குள்ளயே இருக்கும், கர்ட்டன் ஏர்பேக் முன்தூண் வழியாப் போகும். அப்படிப்பட்ட வண்டின்னா சர்வீஸ் ஆளைக் கேக்காம கதவை மூடாதீங்க, தூண்ல ட்வீட்டர் ஒட்டாதீங்க. பாட்டுக்காக உயிர்க்கவசத்துல கை வைக்கக்கூடாது.

கதவு முடிஞ்சதும் முன்பக்கம் ஒரே ஒரு ஜோடி ஸ்பீக்கர். ட்வீட்டர் தனியா வர்ற 'காம்போனன்ட்' வகைன்னா நல்லது. கதவுக் கீழ்மூலையில இருக்கற ஸ்பீக்கர் நம்ம முழங்காலுக்குத்தான் பாடுது. ட்வீட்டரைக் கண்ணாடிப் பக்கம் மேல கொண்டு வந்தா பாட்டு டேஷ்போர்டுக்கு ஏறி வந்துடும். ஒயரை வெட்ட விடாதீங்க, வண்டிக்கு ஏத்த கப்ளர் கிடைக்கும். மாட்டினதும் ஒரே ஒருத்தர் பாடற பழைய மோனோ பாட்டு போட்டுப் பாருங்க. குரல் நடுவுல நின்னாச் சரி. எங்கேர்ந்து வருதுன்னே தெரியாம குரல் மிதந்து, பேஸும் ஒல்லியா இருந்தா, ஒரு ஸ்பீக்கர்ல ப்ளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கு.

என் வண்டிக்கு ஆன கணக்கு: ரெண்டு முன்கதவுக்கும் ஷீட் 2800, ஸ்பீக்கர் ஜோடி 4600, வளையம் கப்ளர் வகையறா 700, கூலி 1400. ஆக 9500. மிச்சம் 500-க்கு ஊத்துல நிறுத்தி டீயும் பஜ்ஜியும் :)

குழாய் இல்லை. ஆம்ப்ளிஃபையர் இல்லை. இதோட நிறுத்திக்கணும்ங்கறதுதான் என் கட்சி.

"பாட்டுன்னா அதிரணும்யா!"

இப்படிச் சொல்றவங்க என் நண்பர் வட்டத்துலயே பாதிப் பேர். அவங்க கேள்வியில நியாயம் இல்லாம இல்லை. பறையோ தவிலோ நெஞ்சுல வந்து மோதினாத்தான் சுகம். சமவெளியில நாலுவழிச் சாலையில போகும்போது சீட்டுக்கடியில ஒரு சின்ன சப்வூஃபர் இருந்தா நானும் ரசிப்பேன். என் சண்டை பேஸோட இல்லை. காட்ரோடு தாண்டினதுக்கு அப்புறமும் அதே பேஸ் ஓடறதோடதான்.

எங்கப்பா பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷத்துல முக்கால்வாசி இந்த மலைப்பாதை. அவர் சொல்றது இது: "கண்ணுக்குத் தெரியறதுக்கு ஒரு வளைவு முன்னாடியே காதுக்குத் தெரிஞ்சிரும்ப்பா. லாரியா, பஸ்ஸா, ஏறுதா, இறங்குதா எல்லாம் சத்தத்துலயே இருக்கு." ஏறுதா இறங்குதாங்கறது சும்மா இல்லை. குறுகலான மலைச்சாலையில இறங்கற வண்டிதான் ஒதுங்கி ஏறற வண்டிக்கு வழி விடணும்ங்கறது சாலை விதி. எதிர்ல ஏறி வர்றது காதுல விழுந்தாத்தானே, ஒதுங்க இடம் இருக்கற எடத்துலயே நிக்க முடியும்?

ரொம்ப நாள் இதை அனுபவசாலிப் பேச்சுன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். யோசிச்சுப் பாத்தா இதுல சுத்தமான இயற்பியல் இருக்கு. உச்சஸ்தாயி ஒலி நேர்கோட்டுல போற குணம் உள்ளது, பாறைக்குப் பின்னால அது நிழல் மாதிரி மறைஞ்சிடும். கீழ்ஸ்தாயி ஒலிதான் பாறையைச் சுத்தி வளைஞ்சு வரும். ஆக, கொண்டை ஊசி வளைவுக்கு அந்தப் பக்கம் ஏறி வர்ற லாரியிலேர்ந்து நமக்கு முதல்ல வந்து சேர்றது எஞ்சின் உறுமலும் ஹாரனோட கனமான அடிப்பகுதியும்தான். நம்ம பேஸ் ட்யூப் உக்காந்திருக்கறதும் கிட்டத்தட்ட அதே பேட்டையில. போதாததுக்கு நம்ம காதோட அமைப்பே அப்படி: பலமான கீழ்ஸ்தாயி ஒலி தனக்கு மேல இருக்கற ஒலிகளையும் சேத்து மறைச்சுடும். மேல்ஸ்தாயிக்கு அந்த அளவு மறைக்கற சக்தி கிடையாது. மலை நமக்காக வளைச்சு அனுப்பற எச்சரிக்கையை, நாம காசு குடுத்து வாங்கின குழாய் வாசல்லயே நிறுத்தி வச்சுடுது.

வளைவுக்கு வளைவு 'ஒலி எழுப்பவும்'னு போர்டு வச்சிருக்காங்க. அந்த போர்டுல எழுதாம விட்ட இன்னொரு பாதி, 'ஒலி கேட்கவும்'.

இன்னொண்ணும் இருக்கு. வத்தலகுண்டுலேர்ந்து கொடைக்கானலுக்கு ஏறும்போது ரெண்டு மணி நேரத்துக்குள்ள சுமார் 1800 மீட்டர் உசரம் போறோம். வெளிக்காத்தோட அழுத்தம் குறையக் குறைய காது அடைச்சுக்கும். அடைச்ச காதுக்குப் பாட்டு மந்தமாக் கேக்கும். உடனே கை தானாப் போய் வால்யூமை ஏத்தும். பண்ணைக்காடு பிரிவு தாண்டி எச்சில் முழுங்கி காது 'டப்'னு திறந்ததும் வால்யூம் மேலயே நிக்கும், நமக்கும் அதுவே பழகிப் போயிருக்கும். இத்தனைக்கும் மலையில போறது 30 கிலோமீட்டர் வேகம். டயர் இரைச்சலும் காத்து இரைச்சலும் ஹைவேயில இருந்த அளவு இல்லை. நியாயமா வால்யூம் இறங்க வேண்டிய இடத்துல ஏறுது.

சென்னையிலேர்ந்து வர்றவங்களுக்குக் கொடைக்கானல் 500 கிலோமீட்டருக்கு மேல. அது ஒரு முழு ஷிஃப்ட். வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு சொல்ற அளவு 85 டெசிபெல்லுக்கு 8 மணி நேரம். 3 டெசிபெல் ஏறினா நேரம் பாதி. 94-ல ஒரே ஒரு மணி நேரம். பேஸ் ட்யூப் பார்ட்டிகள் திண்டிவனம் தாண்டறதுக்குள்ளயே அன்னைக்கான ஒதுக்கீட்டை முடிச்சிருப்பாங்க.

வார்த்தை கேக்கணும்

அப்பாவோட காதைப் பத்தியும் சொல்லணும். முப்பது வருஷம் எஞ்சின் பக்கத்துல உக்காந்த காது. எங்க வண்டியில உக்காந்தா ஒரே வசனம்தான்: "பாட்டு கேக்குது, என்ன பாடறாங்கன்னுதான் வெளங்கலை." வயசாகும்போது முதல்ல போறது மேல்ஸ்தாயி. க, ச, த, ப மாதிரி மெய்யெழுத்துகளைப் பிரிச்சுக் காட்டற விவரம் நிறைய அங்கதான் இருக்கு. அவருக்குப் போய் பேஸை ஏத்தி வச்சா, கம்பளியைப் போத்திக்கிட்டு யாரோ பாடற மாதிரிதான் இருக்கும்.

கதவை மூடி, ட்வீட்டரை மேல ஏத்தினப்புறம் அவரை ஏத்திக்கிட்டு பூம்பாறை வரைக்கும் போனேன். முன்னாடி 18-ல வச்சும் வெளங்காதவருக்கு 11-லயே சரணம் வரைக்கும் கேட்டுச்சு. கூடவே முணுமுணுத்துக்கிட்டும் வந்தார். பெருமாள்மலைக்குக் கிட்ட பாட்டு ஓடிக்கிட்டிருக்கும்போதே, "பஸ் இறங்குது, ஒதுங்கு" என்றார். ரெண்டும் சேந்து கேக்கணும், பாட்டும் ரோடும். 9500 ரூபாய்க்கு நான் வாங்கினது அதைத்தான்.

ரேடியோ ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. கொடைக்கானல் பண்பலை 100.5 மலை மேல நின்னுக்கிட்டு மதுரை, தேனி, திண்டுக்கல்னு சுத்துப்பட்டு சமவெளிக்கெல்லாம் பாடுது. வேடிக்கை என்னன்னா சமவெளியில கணீர்னு கேக்கறது மலைமடிப்புக்குள்ள நுழைஞ்சதும் 'உஸ்' அடிக்கும். பண்பலைக்குக் கிட்டத்தட்ட கண்ணுக்குக் கண் பார்வை வேணும், நடுவுல பாறை நின்னா அவ்வளவுதான். அதுக்கும் ஸ்பீக்கரைத் திட்டாதீங்க. செட்டுல மோனோ வசதி இருந்தா போட்டுப் பாருங்க, இரைச்சல் நல்லாவே குறையும்.

மலையும் ஒரு வீடு

2024-ல மஞ்சும்மல் பாய்ஸ் வந்ததுக்கப்புறம் குணா குகைப் பக்கம் போறவங்க எல்லாரும் கார்ல போடற பாட்டு எதுன்னு சொல்லத் தேவையில்லை. 1991-ல வந்த அந்தப் பாட்டோட அழகே கமலும் ஜானகியும் பேசிப்பேசிப் பாடற அந்த நெருக்கம்தான். அதைப் போய் பேஸ் பூஸ்ட்ல போட்டு அலற விடறாங்க. என்னத்த சொல்ல! உங்க ஸ்பீக்கர் தேறுச்சாங்கறதுக்கு அதைவிட நல்ல பரீட்சையே கிடையாது. சத்தத்தைக் குறைச்சு வச்சு, பேச்சு வார்த்தை வார்த்தையாக் கேக்குதான்னு பாருங்க.

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-லேர்ந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்துச்சு. 2025 ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும் வார நாள்ல 4000, வாரக் கடைசியில 6000 வண்டின்னு வரம்பும் வச்சாங்க. வண்டியை எண்ணலாம், அது கொண்டு வர்ற சத்தத்தை எந்தச் சோதனைச்சாவடியில எண்ணறது? 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55 டெசிபெல், ராத்திரியில 45. மன்னவனூர் மாதிரி ஒரு ஊர்ல ராத்திரி பத்து மணிக்கு நின்னு பாருங்க, நாய் குரைக்கறதே பக்கத்து மலையில கேக்கும். அங்க ஒரு கார்க்கதவு திறந்தா ஊரே எழுந்துக்கும். ரோட்டுல காட்டுமாடு நிக்கிற மலை வேற இது. மிரண்ட காட்டுமாடு பானட் பக்கம் திரும்பினா எந்த வாட்ஸும் உதவாது.

கடைசியா ஒரு சின்ன யோசனை. அடுத்த தடவை டம்டம் பாறையில நிறுத்தும்போது எஞ்சினை ஓட விட்டு, கண்ணாடியை நாலு விரல் இறக்கி, பாட்டைப் போடுங்க. கூட வந்தவங்கள்ல ஒருத்தர் வண்டிக்குப் பின்னால பத்தடி தள்ளி நின்னு சாதாரணக் குரல்ல உங்க பேரைச் சொல்லட்டும். உங்களுக்குக் கேக்கற வரைக்கும் வால்யூமைக் குறைச்சுக்கிட்டே வாங்க. கேட்ட இடத்துல நிக்கிற எண்ணை மனசுல குறிச்சுக்குங்க. மலையில உங்க வண்டியோட உச்சவரம்பு அதுதான். அந்த அளவுல பாட்டு நல்லா இல்லைன்னு தோணினா, அப்ப செலவு பண்ணுங்க. ஆனா குழாய்க்கு இல்லை, கதவுக்கு.

என் வண்டியில அந்த எண் 11. உங்களுது எவ்வளவுன்னு சொல்லுங்க.